பார்வையற்றவரும் கணினியில் தன் ஃபைலைத் தானே எடுக்கலாம்

நம் வீட்டுக் கணினியில் என்னென்ன வைத்திருக்கிறோம்? பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியல், ரேஷன் கார்டு ஸ்கேன், பாஸ்புக் முதல் பக்கம், அத்தாவின் பாஸ்போர்ட் நகல், கல்வி உதவித்தொகை விண்ணப்பம். இவை எல்லாமே அவசரத்தில்தான் தேவைப்படும். கண் தெரிந்தவர் ஃபோல்டரைத் திறந்து ஒரு பார்வை ஓட்டினால் எடுத்துவிடுவார். பார்வையற்ற சகோதர சகோதரிகள் என்ன செய்வார்கள்?

அரியக்குடியிலிருந்து காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போகும் பார்வையற்ற மாணவி ஒருவரை எண்ணிப் பாருங்கள். உதவித்தொகைக்கு இன்று கடைசி நாள். ஊனச் சான்றிதழ் ஃபைலை எடுத்துத் தர அண்ணன் கடையிலிருந்து வர வேண்டும், அல்லது அடுத்த வீட்டாரைக் கூப்பிட வேண்டும். தேதியும் தவறலாம், தன் மருத்துவ அறிக்கையும் பேங்க் விவரமும் பிறர் கண்ணில் படவும் செய்யும். தன் ஃபைலைத் தானே எடுக்கத் தெரிந்தால் இந்த இரண்டு சங்கடமும் இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் 50 லட்சத்துக்கும் மேல். இது ஏதோ ஒரு வீட்டின் கதை மட்டும் அல்ல.

பேசும் கணினி

திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் மென்பொருளுக்கு ஸ்கிரீன் ரீடர் என்று பெயர். விண்டோஸ் கணினியில் நரேட்டர் என்ற ஸ்கிரீன் ரீடர் ஏற்கெனவே இருக்கிறது. கன்ட்ரோல், விண்டோஸ், என்டர் மூன்று கீகளையும் சேர்த்து அழுத்தினால் அது பேசத் தொடங்கும்.

பலரும் பயன்படுத்தும் இன்னொன்று என்.வி.டி.ஏ. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கர்ரன் 2006-ல் இதை எழுதத் தொடங்கினார்; ஜேம்ஸ் டே அவருடன் சேர்ந்தார். இருவருமே பார்வையற்றவர்கள். விலை கொடுத்து ஸ்கிரீன் ரீடர் வாங்க முடியாதவர்களுக்காக இதை இலவசமாகவே கொடுத்தார்கள், இன்றும் இலவசம்தான். இதனுடன் வரும் ஈ-ஸ்பீக் குரல் தமிழையும் படிக்கும்.

ஸ்கிரீன் ரீடர் ஒரு நேரத்தில் ஒரு பெயரைத்தான் சொல்லும். 200 ஃபைல் உள்ள ஃபோல்டரில் அம்புக்குறி கீயால் ஒவ்வொன்றாக இறங்கினால் நேரமும் போகும், பொறுமையும் போகும். எனவே ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு போகாமல், நேராக அந்தப் பெயருக்கே போகும் வழிகளைப் பழக வேண்டும்.

நேராகப் போகும் வழிகள்

1. விண்டோஸ் கீயை ஒருமுறை அழுத்திவிட்டு, ஃபைல் பெயரின் ஒரு சொல்லை அப்படியே டைப் செய்யுங்கள். முதலில் கிடைப்பதை ஸ்கிரீன் ரீடர் சொல்லும். அதுதான் என்றால் என்டர். இல்லையென்றால் கீழ் அம்புக்குறியால் அடுத்ததைக் கேளுங்கள்.

2. எந்த ஃபோல்டர் என்று தெரிந்தால், விண்டோஸ் கீயுடன் 'இ' அழுத்தி எக்ஸ்ப்ளோரரைத் திறந்து அந்த ஃபோல்டருக்குள் செல்லுங்கள். பெயரின் முதல் இரண்டு மூன்று எழுத்துகளை வேகமாக டைப் செய்தால், அந்த எழுத்துகளில் தொடங்கும் முதல் ஃபைலுக்குக் கணினி தாவும்.

3. பென் டிரைவில் உள்ளவை பெரும்பாலும் முதல் வழியில் கிடைக்காது. பென் டிரைவைத் திறந்து, கன்ட்ரோலுடன் 'எஃப்' அழுத்தி, சொல்லை டைப் செய்து என்டர் கொடுங்கள். பிறகு டேப் கீயால் பட்டியலுக்கு வந்து அம்புக்குறியால் கேட்கலாம்.

4. அடிக்கடி திறக்கும் ஃபோல்டருக்கு டெஸ்க்டாப்பில் ஒரு ஷார்ட்கட் வையுங்கள். அதன் மேல் நின்று ஆல்ட், என்டர் சேர்த்து அழுத்தி, டேப் கீயால் 'ஷார்ட்கட் கீ' என்ற இடத்துக்கு வந்து ஓர் எழுத்தை அழுத்தி, என்டர் கொடுங்கள். இனி கன்ட்ரோல், ஆல்ட், அந்த எழுத்து மூன்றும் சேர்ந்தால் ஃபோல்டர் திறக்கும். என்.வி.டி.ஏ-வைத் தொடங்க 'என்' எழுத்து பயன்படுவதால் அதை மட்டும் விட்டுவிடுங்கள்.

புதிதாகப் பழகுவோர் என்.வி.டி.ஏ-வில் இன்சர்ட் கீயுடன் 1 அழுத்தினால், அதன்பின் தொடும் ஒவ்வொரு கீயின் பெயரையும் அது சொல்லும். ஃபைல் எதுவும் மாறாது. மறுபடி அதையே அழுத்தினால் பழைய நிலை. பேச்சை நிறுத்த கன்ட்ரோல் கீ போதும்.

பெயர்தான் சாவி

ஸ்கேன் செய்த ரேஷன் கார்டு கணினிக்கு ஒரு படம் மட்டுமே. பெயர் 'ஸ்கேன் 0012' என்று இருந்தால், 'ரேஷன்' என்று தேடினாலும் வராது. எனவே ஸ்கேன் செய்த உடனேயே எஃப் 2 கீயை அழுத்திப் பெயரை மாற்றுங்கள். முக்கியமான சொல் முதலில் வரட்டும். அடுத்து யாருடையது, பிறகு ஆண்டு: 'ரேஷன் கார்டு அத்தா 2024'. முதல் எழுத்தால் தாவும் வழி அப்போதுதான் பலன் தரும். ஒருவர் தமிழிலும் இன்னொருவர் ஆங்கிலத்திலும் பெயர் வைத்தாலும் தேடல் தவறும். குடும்பமாகப் பேசி ஒரே முறையை வைத்துக்கொள்ளலாம்.

வீட்டாரின் பங்கு

இதில் பாதி வேலை கண் தெரிந்த நம்முடையது. சொல்லாமல் ஃபைலை இடம் மாற்றாதீர்கள், பெயரை மாற்றாதீர்கள். அவர் தேடிக்கொண்டிருக்கும்போது, "தள்ளு, நான் எடுத்துத் தருகிறேன்" என்று மவுஸைப் பிடிக்காதீர்கள். அன்பால் செய்தாலும், அவர் பழகும் வாய்ப்பை அது பறித்துவிடும். ஸ்பீக்கர் சத்தம் தொந்தரவாக இருந்தால் ஒரு ஹெட்போன் வாங்கிக் கொடுங்கள்.

இன்றே வீட்டுக் கணினியைத் திறந்து, முக்கியமான பத்து ஃபைல்களுக்கு மட்டும் சரியான பெயர் வைப்போம். பிறகு நம் பிள்ளையோ, கண் மங்கிய பெரியவரோ அவற்றைத் தாமே தேடி எடுக்கட்டும். நாம் பக்கத்தில் இருந்தால் போதும்.