பொது இடமும் சொந்த இடமும்

நம் தோட்டத்துப் பிள்ளைகள் பலர் இன்று பல்கலைக்கழகங்களில் அறிவியல் பயில்கின்றனர். அவர்களுள் ஒருத்தி, முன்பு என்னிடம் படித்தவள், விடுமுறைக்கு வந்தபோது கண்கலங்கி நின்றாள். நான்கு மாதம் போட்ட கணக்கின் விடைகள் கணினியிலிருந்து மறைந்துவிட்டனவாம். யாரும் திருடவில்லை. விதிப்படியே அழிக்கப்பட்டன. அந்த விதி அவளுக்குத் தெரியாது. இன்று அதனைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

பெரிய ஆராய்ச்சிக் கணக்குகளுக்கு மேசைக் கணினி போதாது. பலர் கூடிப் பயன்படுத்தும் மாபெரும் கணினி வேண்டும். தமிழகத்தில் திருச்சிராப்பள்ளி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் 2022 மே மாதம் தொடங்கப்பெற்ற ‘பரம் பொருள்’ அத்தகையது. நொடிக்கு 838 லட்சம் கோடி கணக்குகள் போடும் ஆற்றல் உடையது.

இத்தகைய கணினிகளில் பொதுவாக இருவகை இடம் உண்டு. ஒன்று, அவரவர்க்குரிய சொந்த இடம், அளவில் சிறியது. மற்றொன்று, எல்லாருக்கும் பொதுவான தற்காலிக வட்டு இடம். இதை ‘ஸ்கிராட்ச்’ என்பார்கள். அளவில் பெரியது, வேகமும் மிக்கது. கணக்கு ஓடும்போது எழுதவும் அழிக்கவும் உதவுவது இதுவே.

செம்பனைக் காட்டை நினைத்துப் பாருங்கள். வெட்டிய குலைகளைச் சாலையோரம் சேர்க்கிறோம். லோரி வந்து ஆலைக்கு ஏற்றிச் செல்கிறது. சாலையோரம் கிடங்கு ஆகுமா? இன்றைய குலை அங்கேயே கிடந்தால் நாளைய குலைக்கு இடமேது? தற்காலிக வட்டும் அப்படித்தான். அது நிரம்பினால் எல்லாருடைய வேலையும் நின்றுவிடும். ஆகவே, குறித்த நாள்வரை தொடப்படாத கோப்புகளை நீக்கிவிடுவது வழக்கம். அமெரிக்காவில் டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் கணிப்பு மையத்தில் அந்தக் கெடு 10 நாள்தான். பெரும்பாலும் இவ்விடத்திற்கு மறுபடி எடுத்து வைப்பதுமில்லை. போனது போனதுதான்.

செய்ய வேண்டியவை மூன்று. முதலில், கெடு எத்தனை நாள் என்று கேட்டறிய வேண்டும். இரண்டாவது, கணக்கு முடிந்த அன்றே விடைகளைச் சொந்த இடத்திற்கு மாற்றி, மிச்சத்தைத் தாமே அழித்துவிட வேண்டும். மூன்றாவது, வேறோர் இடத்திலும் ஒரு படி வைத்திருக்க வேண்டும். ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் 2021 டிசம்பரில், படியெடுக்கும் நிரலில் நேர்ந்த தவற்றால் சுமார் 3 கோடியே 40 லட்சம் கோப்புகள் அழிந்தன. ஆகவே எந்த ஒரே இடத்தையும் நம்பியிருக்கலாகாது.

அந்தப் பெண் கணக்கை மறுபடி போட்டு முடித்தாள். பெற்றோர்களே, கணினி நமக்குப் புதிதாக இருக்கலாம். ஆனாலும் பிள்ளை வீட்டுக்கு வரும்போது, “விடையை எங்கே பத்திரமாக வைத்திருக்கிறாய்?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.