உங்களுக்குத் தெரியுமா? பழைய விமானத்தின் உண்மையான வயது

மேல்மலையனூர்ப் பக்கம் பழைய டிராக்டர் வாங்குகிறவர் ஆர்.சி. புத்தகத்தைச் சேசிஸ் எண்ணோடு ஒப்பிட்டுத்தான் பணத்தை எடுப்பார். சிறு விமானத்துக்கும் அதே வழிதான். செஸ்னா 172 விமானங்களில் 1976 இலையுதிர்காலத்தில் தயாரானவை 1977 மாடலாகவே விற்கப்பட்டன. எனவே விற்பவர் சொல்லும் ஆண்டை மட்டும் நம்பக் கூடாது. கதவருகிலோ வால்பகுதியிலோ பதித்த தகட்டில் உள்ள வரிசை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எந்த எண் எந்த ஆண்டு மாடல் என்பதை அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் 3ஏ12 என்ற வகைச் சான்று ஆவணம் சொல்லிவிடும்.

பழுதின் கதை லாக்புக்கில் இருக்கிறது. விமான உடல், என்ஜின், புரொப்பெல்லர் மூன்றுக்கும் தனித்தனிப் பதிவேடுகள் உண்டு. இடையில் சில மாதங்கள் காணாமல் போயிருந்தால் அங்கேதான் நின்று கேள்வி கேட்க வேண்டும். அமெரிக்காவில் பறந்த விமானமென்றால், பெரிய பழுதுபார்ப்புகளுக்கு நிரப்பப்படும் 337-ஆம் படிவத்தின் நகலை ஓக்லஹோமா சிட்டி பதிவகத்திலிருந்து யாரும் கேட்டு வாங்கலாம். இறக்கைத் தகட்டில் ஒரு வரிசை ரிவெட் மட்டும் புதிதாகப் பளபளத்து, படிவத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லையென்றால், விலை எவ்வளவு குறைவானாலும் வாங்காதீர்கள். அதில் பறக்கப்போவது உயிர்கள்.

அமெரிக்காவுக்கு அந்தப் பதிவகம் போல, இந்தியாவில் ‘விடி’ என்று தொடங்கும் பதிவெண்ணைத் தருவது சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் (டிஜிசிஏ).