பொம்மைப் படத்துக்கு ஒரு பேராசிரியர்

அண்ணாச்சி, உங்கள் மகள் கேட்டதில் விளையாட்டு எதுவும் இல்லை. பிளஸ் டூ முடித்ததும் அனிமே எனப்படும் ஜப்பானிய அனிமேஷனைப் பற்றிப் படிக்க வேண்டும், ஆராய்ச்சி செய்ய வேண்டும், பிறகு கல்லூரியில் அதையே பாடமாக நடத்த வேண்டும் என்கிறாள். “ஏட்டி, பொம்மப் படம் பாக்கதுக்கு எதுக்கு காலேஜு?” என்று நீங்கள் கேட்டதும் நியாயம்தான். உப்பளத்தில் கணக்கு எழுதிப் பிள்ளையைப் படிக்க வைக்கிற தகப்பன் கேட்க வேண்டிய கேள்வி அது. டீ வரட்டும். அந்தப் படிப்பில் என்ன இருக்கிறது, அதை வைத்து எப்படிப் பிழைப்பது என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

இன்று ராத்திரி அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றை மட்டும் கவனியுங்கள். படத்தில் ஒருவன் பேசும்போது தலைமுடி, கன்னம், தோள் எல்லாம் அசையாமல் நிற்கும். வாய் மட்டும் திறந்து மூடும். பழைய டிஸ்னி படத்தில் அப்படி இருக்காது. பேசுகிறவனின் புருவம் முதல் விரல் வரை சேர்ந்து ஆடும். ஏன் இந்த வித்தியாசம்? இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் அந்தப் படிப்பு முழுவதும் கண்ணில் படும்.

சினிமாவில் ஒரு நொடிக்கு 24 சட்டகங்கள் ஓடுகின்றன. 25 நிமிடத்துக்கு 36,000 சட்டகங்கள். ஒரே படத்தை இரண்டு சட்டகத்துக்கு நிறுத்தினால் நொடிக்கு 12 படம் வரைந்தால் போதும். மூன்று சட்டகத்துக்கு நிறுத்தினால் 8 போதும். 1963 ஜனவரி 1 அன்று ஒசாமு தெசுகாவின் ‘ஆஸ்ட்ரோ பாய்’ ஜப்பான் தொலைக்காட்சியில் தொடங்கியது. வாரம் தவறாமல் அரைமணி நேரக் கதை தர வேண்டும். டிஸ்னி மாதிரி வரைந்து வாரா வாரம் கொடுக்க யாராலும் முடியாது. அதனால் தெசுகாவின் கூடத்தில் உடம்பை ஒரு தாளிலும் வாயை இன்னொரு தாளிலும் வரைந்து வாயை மட்டும் மாற்றினார்கள். ஒரு தடவை வரைந்த ஓட்டத்தையும் பறத்தலையும் எடுத்து வைத்துக்கொண்டு அடுத்தடுத்த கதைகளிலும் சேர்த்தார்கள்.

இதில் பணக்கணக்கும் உண்டு. தயாரிக்க ஆன செலவைவிடக் குறைந்த விலைக்குத்தான் தெசுகா தொலைக்காட்சிக்குக் கொடுத்தார். மீதியைப் பொம்மையிலும் பொருளிலும் பிடிக்க வேண்டியிருந்தது. அந்தத் தொடருக்கு விளம்பரதாரர் மெய்ஜி என்ற மிட்டாய் நிறுவனம். அவர்களுடைய சாக்லேட்டோடு அந்தப் பையனின் ஸ்டிக்கர் வந்தது. ஜப்பான் பிள்ளைகள் அதைப் புத்தகத்திலும் பையிலும் ஒட்டிக்கொண்டார்கள்.

இப்போது ஆராய்ச்சிக்கு வருவோம். மேலே சொன்னது வரலாறு. அதை யாரும் படித்துத் தெரிந்துகொள்ளலாம். ஆய்வாளர் அதே அசையாத முகத்தை வைத்துக்கொண்டு புதுக் கேள்வி கேட்கிறார். தாமஸ் லமார் 2009-ல் ‘தி அனிமே மெஷின்’ என்ற நூலை எழுதினார். உடம்பு அசையாவிட்டாலும் பின்னணித் தாள் ஒரு பக்கமும் முன்னணித் தாள் இன்னொரு பக்கமும் நகர்கின்றன, அடுக்குகளுக்கு இடையில் ஓர் அசைவு பிறக்கிறது, அதற்கென்று தனி அழகும் தனிச் சிந்தனையும் உண்டு என்பது அவருடைய வாதம். குறை என்று எல்லாரும் ஒதுக்கியதை ஒரு கலைமுறை என்று அவர் நிறுவினார். மார்க் ஸ்டைன்பெர்க் 2012-ல் எழுதிய நூலில் அந்தச் சாக்லேட் ஸ்டிக்கரைக் கையில் எடுத்தார். திரையிலும் அசையாத முகம், ஸ்டிக்கரிலும் அசையாத முகம். இரண்டும் ஒன்றுபோல் இருந்ததால்தான் அந்தப் பாத்திரம் திரையை விட்டு இறங்கிக் கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போக முடிந்தது என்றார். இயன் காண்ட்ரி மானிடவியல்காரர். அவர் டோக்கியோவின் படக்கூடங்களுக்கே போய், கூட்டங்களில் உட்கார்ந்து, வேலை செய்கிறவர்களைக் கவனித்து 2013-ல் தன் நூலை எழுதினார்.

ஒரே படம், மூன்று பேர், மூன்று கேள்விகள். ஒருவர் படத்தின் கட்டுமானத்தைப் பார்க்கிறார், ஒருவர் சந்தையைப் பார்க்கிறார், ஒருவர் உழைப்பைப் பார்க்கிறார். இதுதான் அண்ணாச்சி, அந்த வேலை. நாம் பார்த்து முடித்த இடத்தில் அவர்கள் தொடங்குகிறார்கள். இன்னொன்றும் சொல்கிறேன். ஜப்பானில் முக்கியமான இரண்டு படங்களுக்கு நடுவே வரும் இடைப்படங்களை வரைகிற இளைஞர்கள் பலருக்கு ஒரு படத்துக்கு இத்தனை யென் என்றுதான் கூலி. அந்த வேலையில் ஒரு பகுதி கொரியாவுக்கும் பிலிப்பைன்ஸுக்கும் போகிறது. கூலிக் கணக்கைக் கண்ணால் பார்த்து வளர்ந்த உங்கள் மகளுக்கு அந்தப் பக்கத்தைப் பற்றிக் கேட்கச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இந்தத் துறை நேற்று முளைத்ததில்லை. மிகப் பழையதும் இல்லை. அமெரிக்காவில் சூசன் நேப்பியர் முதலில் மிஷிமா, ஓஎ ஆகிய நாவலாசிரியர்களைப் பற்றி எழுதிய இலக்கியப் பேராசிரியர். பிறகு அனிமேயை அதே கவனத்தோடு படித்து 2001-ல் ஒரு நூல் வெளியிட்டார். வகுப்பறையில் இந்தப் படங்களுக்கு இடம் கிடைக்க அந்த நூல் பெரிய துணை. 2006-ல் ‘மெக்காடெமியா’ என்ற ஆய்விதழ் தொடங்கியது. அதே ஆண்டில் கியோத்தோ செய்கா பல்கலைக்கழகம் மங்கா எனப்படும் சித்திரக்கதைக்கென்று தனிப் புலமே அமைத்தது. அந்த நவம்பரில் கியோத்தோ நகராட்சியும் அந்தப் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஒரு பழைய தொடக்கப் பள்ளிக் கட்டடத்தில் மங்கா அருங்காட்சியகம் திறந்தன. அங்கே ஏறக்குறைய மூன்று லட்சம் பொருள்கள் இருக்கின்றன. பள்ளிப் பிள்ளை படித்துத் தூக்கிப் போடுகிற வார இதழை ஒரு நகரம் பத்திரப்படுத்துகிறது. அப்படிச் சேர்த்து வைத்தால்தான் நாளைக்கு ஒருவர் ஆராய முடியும்.

“அதெல்லாம் அங்க. நம்ம நாட்டுக்கும் இதுக்கும் என்ன தொடர்பு?” என்று கேட்பீர்கள். நேரடியான தொடர்பே இருக்கிறது. யூகோ சாகோ என்ற ஜப்பானியர் 1983-ல் ராமாயணத்தோடு தொடர்புடைய அகழாய்வைப் பற்றி ஆவணப்படம் எடுக்க இந்தியா வந்தார். அந்தக் கதை அவரைப் பிடித்துக்கொண்டது. சாகோ, கொய்ச்சி சசாகி, நம் ராம் மோகன் மூவரும் இயக்கிய ‘ராமாயணா: தி லெஜண்ட் ஆஃப் பிரின்ஸ் ராமா’ 1993 ஜனவரியில் டெல்லி திரைப்பட விழாவில் காட்டப்பட்டது. ராம் மோகன் 1950-களில் பிலிம்ஸ் டிவிஷனின் கார்ட்டூன் பிரிவில், டிஸ்னியிலிருந்து வந்த கிளேர் வீக்ஸிடம் தொழில் கற்றவர். 2014-ல் பத்மஸ்ரீ பெற்றார், 2019-ல் மறைந்தார். அந்தப் படம் 2025 ஜனவரி 24 அன்று புதுப்பிக்கப்பட்டுத் தமிழ் உட்பட நான்கு மொழிகளில் திரையரங்குக்கு வந்தது. ஜப்பானியக் கை வரைந்த ராமன், இந்தியர் சொல்லிக்கொடுத்த கைகூப்பல், வன்ராஜ் பாட்டியாவின் இசை. இது யாருடைய படம்? ஒரு முனைவர் பட்டத்துக்கு இந்த ஒரு கேள்வி போதும். அதை எழுத ராமாயணமும் தெரிய வேண்டும், ஜப்பானிய மொழியும் தெரிய வேண்டும். அந்த இரண்டும் தெரிந்தவர்கள் நம் பக்கத்திலிருந்து உருவாக முடியும்.

அந்நிய நாட்டுப் பொருளை ஒருவர் வாழ்நாள் முழுக்கப் படிக்க முடியுமா என்றால், எதிர்த்திசையில் ஒரு சாட்சி இருக்கிறார். நொபொரு கராஷிமா. ஜப்பானிலிருந்து 1960-களில் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வந்து தமிழ்க் கல்வெட்டுகளைப் படித்தவர். பிறகு டோக்கியோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். எ. சுப்பராயலு, தோரு மட்சுயி ஆகியோரோடு சேர்ந்து சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களைத் தொகுத்து, கணக்கிட்டு, 1978-ல் ஒரு பெயரடைவே வெளியிட்டார். 1995-ல் தஞ்சாவூரில் நடந்த உலகத் தமிழ் மாநாட்டின்போது உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றத்தின் தலைவர் அவர்தான். 2013-ல் நம் அரசு அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தது. சோழர் காலத்தில் ஓர் ஊரின் நிலம் யார் கையில் இருந்தது என்பதை நமக்கே எடுத்துச் சொன்னவர் ஒரு ஜப்பானியர். முதலில் மொழி, பிறகு மூலச்சான்று, பிறகு பல ஆண்டுப் பொறுமை. அவர் காட்டிய வழி அனிமே படிக்கப் போகிறவளுக்கும் அப்படியே பொருந்தும்.

நம் கடற்கரைக்கு வருவோம். இங்கே கடைசியாகப் பெரிய முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். அதற்கு முன்பே, சந்தையை ஜப்பானிய வளர்ப்பு முத்து பிடித்துவிட்டது. கொக்கிச்சி மிகிமோட்டோ 1893-ல் ஜப்பானின் தோபா பக்கத்தில் அரைக்கோள முத்தை வளர்த்துக் காட்டியதில் அந்தக் கதை தொடங்குகிறது. ஜப்பானியர்கள் அந்தத் தொழில்நுட்பத்தை வெளியே விடாமல் காத்த காலத்தில், நம் வேப்பலோடையில் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் கே. அழகர்சாமி 1973-ல் உருண்டை முத்தை வளர்த்தெடுத்தார். இந்தக் கதையில் ஆராயப்படாத ஒரு பக்கம் இருக்கிறது: படங்களின் பக்கம். ஜப்பானில் கடலில் மூழ்கிச் சிப்பி எடுப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். உத்தமாரோ என்ற ஓவியர் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே அவர்களை மரச்செதுக்கு அச்சில் வரைந்துவிட்டார். இன்று தோபாவின் மிகிமோட்டோ தீவில் வெள்ளை உடையில் அவர்கள் மூழ்கிக் காட்ட, பார்க்கக் கூட்டம் வருகிறது. இங்கே முத்துக்குளித்தவர்களும் சங்குகுளிகளும் ஆண்கள். அவர்களை யார் படமாக்கினார்கள்? யாருடைய கண்ணுக்காக? அந்த வெள்ளை உடை யாருக்காக? இரண்டு கடற்கரைகளையும் அறிந்த ஒருத்தி எழுதினால் அது உலகம் வாசிக்க வேண்டிய நூலாகும்.

அவளுக்குப் பிடித்த ‘பொன்யோ’ இருக்கிறதே, இயக்குநர் மியாசாகி 2008-ல் எடுத்தது, அதைக்கூட நம் துறைமுகத்திலிருந்து பார்க்கலாம். ஏறக்குறைய 1,70,000 படங்கள் கையால் வரைந்தது. அதில் சிறுவனின் அப்பா கப்பல் தலைவர்; இரவில் கடலிலிருந்து விளக்கடித்துக் குன்றின் மேலுள்ள வீட்டோடு பேசுகிறார். மியாசாகி 2005-ல் தோமோநோவுரா என்ற பழைய துறைமுக ஊரில் தங்கி அந்தப் படத்துக்கு யோசித்தார். அந்த ஊரில் கடலைத் தூர்த்துப் பாலம் கட்டும் திட்டம் ஒன்று இருந்தது. ஊர்மக்கள் வழக்குப் போட்டார்கள். 2009 அக்டோபரில் ஹிரோஷிமா மாவட்ட நீதிமன்றம், அந்த ஊரின் காட்சியழகு காக்கப்பட வேண்டிய ஒன்று என்று சொல்லித் தூர்ப்பதற்கு அனுமதி கொடுக்கக் கூடாது என்றது. இந்தப் படிப்பைக் காட்சிப் பண்பாடு என்றும் சொல்வார்கள்; ஏன் அந்தப் பெயர் என்பது இங்கே புரியும். படத்தில் ஆரம்பித்துத் துறைமுகம், சட்டம், மக்கள் உரிமை வரைக்கும் அது போகிறது.

இனி பிழைப்பு. ஒளிக்காமல் சொல்கிறேன். இந்தியாவில் ‘அனிமே பேராசிரியர்’ என்று விளம்பரம் வராது. ஜப்பானிய மொழித் துறை, காட்சித் தொடர்பியல் துறை, திரைப்பட ஆய்வு, வடிவமைப்புக் கல்லூரி, இந்த வாசல்கள் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். அவள் இளங்கலையில் காட்சித் தொடர்பியலோ இலக்கியமோ வரலாறோ எடுக்கலாம். கூடவே ஜப்பானிய மொழியை இந்த ஆண்டே தொடங்க வேண்டும். அதற்கான தேர்வு என்5 முதல் என்1 வரை ஐந்து படி, சென்னையில் எழுதலாம். ஆய்வுக்குக் குறைந்தது என்2 அளவு வாசிப்பு வேண்டும், அதற்கு ஆண்டுகள் ஆகும். முதுகலைக்கு டெல்லியில் ஜேஎன்யூ, சாந்திநிகேதனில் விஸ்வபாரதி போன்ற இடங்களில் ஜப்பானியத் துறைகள் உண்டு. ஜப்பான் அரசின் மெக்ஸ்ட் உதவித்தொகை கிடைத்தால் கல்விக்கட்டணம் இல்லை, மாதாமாதம் செலவுக்கும் பணம் தருவார்கள். சென்னையிலுள்ள ஜப்பான் துணைத் தூதரகம் வழியாக விண்ணப்பிக்கலாம். இங்கே கற்பிக்க நெட் தேர்வு எழுதலாம். அதில் ஜப்பானிய மொழி ஒரு பாடமாகவே இருக்கிறது. முனைவர் பட்டம் வரை பத்தாண்டு என்று மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நிலையான வேலை கிடைக்க அதற்கு மேலும் ஆகலாம். ஆனால் ஜப்பானிய மொழி கைவசம் இருந்தால் இடையில் பட்டினி வராது. மொழிபெயர்ப்பும் நிறுவன வேலையும் அந்த மொழிக்கு எப்போதும் உண்டு.

அவள் ஆசிரியரானால் வகுப்பில் என்ன செய்வாள் தெரியுமா? ஒரு நிமிடக் காட்சியை ஓட்டுவாள். பிறகு அதை நிறுத்தி நிறுத்தி, எது அசைகிறது, எது நிற்கிறது என்று பிள்ளைகளை எண்ண வைப்பாள். கச்சான் காற்றில் அலை எப்படி எழும் என்று அறிந்த பிள்ளைகள், பொன்யோவில் மீனாக ஓடிவரும் அலையைப் பார்த்து, இதை ஏன் இப்படி வரைந்தார் என்று கேட்பார்கள். கேட்கப் பழகிய பிள்ளை பிறகு விளம்பரத்தையும் தேர்தல் சுவரொட்டியையும் செய்தியையும் அப்படியே நிறுத்திப் பார்க்கும். நாள் முழுக்கத் திரையைப் பார்த்து வளர்கிற பிள்ளைகளுக்கு இதைவிட அவசியமான பாடம் எனக்குத் தோன்றவில்லை.

2025 செப்டம்பரில் ‘டீமன் ஸ்லேயர்’ என்ற அனிமே படம் தமிழிலேயே திரையரங்குக்கு வந்தது. பார்க்கிற கூட்டம் தமிழில் உண்டாகிவிட்டது. பார்த்ததைப் பற்றித் தமிழில் யோசிக்கச் சொல்லித்தருகிறவர்கள் மிகக் குறைவு. நாளை அவளிடம் கேளுங்கள்: உனக்குப் பிடித்த ஒரு காட்சியை எடுத்து, அதை யார், எப்படி, என்ன செலவில் செய்தார்கள் என்று கண்டுபிடித்து எனக்கு விளக்கு. அவள் அதற்காக ராத்திரி விழித்திருந்து தேடினால் மொழி வகுப்புக்குப் பணம் கட்டிவிடுங்கள் அண்ணாச்சி.