சிராய்ப்பு ஆறுகிறது, ஆழமான தீக்காயம் ஆறுவதில்லை: ஏன்? தோல் வங்கி எப்படி உதவுகிறது?

முழங்காலில் சிராய்த்துக்கொண்டால் ஓரிரு வாரத்தில் புதுத்தோல் வந்துவிடுகிறது. ஆழமான தீக்காயம் மட்டும் மாதக்கணக்கில் ஆறாமல் கிடக்கிறது. இரண்டும் தோல்தானே, ஏன் இந்த வித்தியாசம்? திருவனந்தபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 2025 ஜூலையில் திறக்கப்பட்ட தோல் வங்கியின் தேவையும் இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது.

மேல்தோலுக்குள் என்ன இருக்கிறது?

மேல்தோல், அதாவது எபிடெர்மிஸ், உடலின் பெரும்பாலான இடங்களில் ஒரு தாளின் தடிமன்தான். ஆனால், அதற்குள் நான்கு அடுக்குகள் உள்ளன. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் மட்டும் ஐந்து.

புதிய செல்கள் பிறப்பது அடியில் உள்ள அடுக்கில். அங்கிருந்து அவை மெல்ல மேலே நகர்கின்றன. போகப் போக கெரட்டின் என்ற புரதம் நிறைந்து, தட்டையாகி, இறந்துவிடுகின்றன. இந்தப் பயணத்துக்குச் சுமார் நான்கு வாரங்கள் ஆகும்.

மேலே இருப்பவை செத்த செல்கள்தான், ஆனால் சும்மா இல்லை. செங்கல் அடுக்கி சாந்து பூசியது மாதிரி, செல்களுக்கு இடையே கொழுப்பு நிரம்பியிருக்கும். உடலின் நீர் வெளியேறாமலும் கிருமிகள் உள்ளே வராமலும் காக்கும் சுவர் இதுதான்.

தீக்காயத்தில் என்ன நடக்கிறது?

சிராய்ப்பில் அடி அடுக்கு ஓரளவு தப்பிவிடும். அது போனாலும், ஆழத்தில் முடிவேர்களைச் சுற்றியுள்ள செல்கள் விதைநெல் போல மிஞ்சியிருக்கும். அவையே புதுத்தோலை உருவாக்கும்.

ஆழமான தீக்காயத்தில் அந்த விதைநெல்லும் கருகிவிடுகிறது. காயத்தின் ஓரங்களிலிருந்துதான் செல்கள் ஊர்ந்து வர வேண்டும். பரப்பு பெரிதாக இருந்தால் அது நடக்காத காரியம். அதற்குள் நீர் இழப்பும் கிருமித் தொற்றும் உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

தானத் தோல் என்ன செய்யும்?

அது தற்காலிக மூடி. சில வாரங்களில் உடல் அதை ஏற்காமல் தள்ளிவிடும். ஆனால் அதுவரை சுவரின் வேலையைப் பார்க்கும், வலியையும் குறைக்கும். பிறகு, நோயாளியின் உடலில் தீப்படாத இடத்திலிருந்து மெல்லிய தோலைச் சீவி எடுத்து நிரந்தரமாக ஒட்டுவார்கள். சீவிய இடத்தில் முடிவேர்கள் அப்படியே இருப்பதால் அங்கே தோல் மறுபடி வளர்ந்துவிடும்.

எப்படி எடுக்கிறார்கள்?

பொதுவாக இறந்த ஆறு மணி நேரத்துக்குள், தொடை, கால், முதுகுப் பகுதிகளிலிருந்து மெல்லிய படலமாக எடுப்பார்கள். ரத்த வகை பொருந்த வேண்டியதில்லை. கிளிசரினில் பதப்படுத்திக் குளிரில் வைத்தால் பல ஆண்டுகள் கெடாது.

"உடம்பு சிதைஞ்சு போயிடுமே" என்ற பயம் பல குடும்பங்களுக்கு உண்டு. எடுக்கப்படுவது மேலே உள்ள மெல்லிய படலம் மட்டுமே, முகத்தைத் தொடுவதில்லை. ஆறு மணி நேரம் என்பது துக்க வீட்டில் யோசித்து முடிவெடுக்கப் போதாது. விருப்பம் இருந்தால், அதை வீட்டில் இப்போதே சொல்லி வைப்பது நல்லது.