நான்கு தண்டுகளின் நாதம்

மரப்பெட்டிக்குள் புடைத்த கண்ணாடித் திரையோடு வீட்டுக் கூடத்தில் நடுநாயகமாக வீற்றிருந்த பழைய டெலிவிஷன் பெட்டிகளை, அமெரிக்க தேசத்தில் இன்றும் சிலர் தேடிப் பிடித்து வாங்கி, பழுது பார்த்து, பிராணனைப் போல் பாதுகாத்து வருகிறார்கள் என்றால், அதைக் கழிந்துபோன பால்யத்தின் மீதுள்ள ஏக்கம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. அப்பெட்டிகளோடு பிறந்த ஆதிகால ரிமோட்டுகளின் சரித்திரத்தை அறிந்தவர்களுக்கு, அந்தப் பிரியத்துக்கு வேறொரு நியாயமும் உண்டென்பது விளங்கும்.

சிகாகோ நகரத்து ஜெனித் ரேடியோ கம்பெனியின் தலைவர் யூஜீன் மக்டொனால்டுக்கு, நிகழ்ச்சிகளின் இடையே குறுக்கிடும் விளம்பரங்களின் மீது பரம துவேஷம். உட்கார்ந்த இடத்திலிருந்தே அவற்றின் வாயை அடைக்க வழி வேண்டும் என்று அவர் விரும்பினார். 1950-ல் வந்த ‘லேஸி போன்ஸ்’ ரிமோட், பெட்டியோடு நீண்ட கம்பியால் பிணைக்கப்பட்டிருந்ததால், கூடத்தில் நடமாடியவர்களின் காலைத் தடுக்கியது. சரக்கறைச் சிப்பந்தியாகச் சேர்ந்து இன்ஜினியராக உயர்ந்த யூஜீன் பாலி 1955-ல் அமைத்த ‘ஃப்ளாஷ்மாட்டிக்’, திரையின் நான்கு மூலைகளிலும் இருந்த மின்கண்களின் மீது ஒளிக்கற்றையைப் பாய்ச்சி வேலை செய்தது. கம்பியே இல்லாத அந்த அற்புதத்துக்குச் சூரியன்தான் சத்துருவாக முளைத்தான். ஜன்னல் வழியே வெயில் விழுந்தால் பெட்டி தானாகவே சானலை மாற்றிக்கொண்டது.

இந்தக் குறையை நீக்க முன்வந்தவர், வியன்னாவில் பிறந்து பௌதிகத்தில் டாக்டர் பட்டம் பெற்ற ராபர்ட் ஆட்லர். ரேடியோ அலை சுவரைக் கடந்து அண்டை வீட்டுப் பெட்டியையும் ஆட்டிவைக்கும். பாட்டரி வைத்தாலோ, அது தீர்ந்துபோன தினத்தில் டெலிவிஷனே கெட்டுவிட்டது என்று ஜனங்கள் கருதுவார்கள் என விற்பனைப் பிரிவினர் அதையும் மறுத்துவிட்டார்கள். ஆகவே, மனிதச் செவிக்கு எட்டாத ஒலியையே தூதாக அனுப்புவதென்று ஆட்லர் தீர்மானித்தார். 1956-ல் வெளிவந்த ‘ஸ்பேஸ் கமாண்ட்’ ரிமோட்டுக்குள், நீளத்தில் சிறிது சிறிது வேறுபட்ட நான்கு அலுமினியத் தண்டுகள் இருந்தன. பொத்தானை அழுத்தியதும் சின்னஞ்சிறு சுத்தி ஒன்று தண்டின் முனையைத் தட்ட, ஜலதரங்கக் கிண்ணங்கள் தத்தம் ஸ்வரத்தை எழுப்புவதுபோல், ஒவ்வொரு தண்டும் வினாடிக்குச் சுமார் 40,000 அதிர்வுகளில் தனக்கே உரிய நாதத்தை எழுப்பிற்று. சானலை மேலேற்ற ஒன்று, கீழிறக்க ஒன்று, சப்தத்தை அடக்க ஒன்று, பெட்டியை இயக்கவும் நிறுத்தவும் ஒன்று. விரலின் பலத்தைத் தவிர வேறு சக்தி எதையும் அது யாசிக்கவில்லை. இத்தனை எளிமையான யந்திர அழகை அதற்குப் பின் வந்த எந்த ரிமோட்டிலும் நான் காணவில்லை.

அந்த நாதத்தைக் கேட்டறிய டெலிவிஷனுக்குள் ஆறு வால்வுகளை அதிகமாகப் பொருத்தியதில் விலை சுமார் 30 சதவீதம் உயர்ந்தது. சாவிக்கொத்தோ சில்லறையோ குலுங்கினாலும் சில சமயம் சானல் மாறிற்று. ஆயினும், அகச்சிவப்புக் கதிர் ரிமோட்டுகள் 1980-களில் அதன் ஸ்தானத்தைக் கைப்பற்றும்வரை, சுமார் கால் நூற்றாண்டு ஒலியின் ஆட்சியே நிலவியது. 1997-ல் பாலிக்கும் ஆட்லருக்கும் சேர்த்தே எம்மி விருது வழங்கியது முற்றிலும் உசிதமான காரியம்.

பாட்டரி இல்லாததால் கசிந்து அரித்துப்போக அந்த ரிமோட்டில் ஏதுமில்லை; சுத்தியும் தண்டும் பழுதுபடாமல் இருந்தால் இன்றைக்கும் அது ஒலிக்கும். சேகரிப்பவர்களின் பிரயாசை முழுவதும் அதைக் கேட்கவேண்டிய பெட்டியில்தான்: உலர்ந்துபோன கண்டென்சர்களை மாற்றி, உற்பத்தி நின்றுவிட்ட வால்வுகளைத் தேடிப் பொருத்தி, அதன் செவியைத் திறக்க வேண்டும்.