பெட்ரோல் வரிப் பணம்: பங்கு பிரிப்பதில் எது நியாயம்?

திருவனந்தபுரம்: ஸ்ரீவராகத்தில் ஸ்கூட்டர் வைத்திருப்பவர்தான் ரோட்டுக்கு வரி கொடுக்கிறார், நடந்து போகிறவருக்கு அதில் சம்பந்தமில்லை என்று நினைத்தால் தவறு. தமிழ்நாட்டிலிருந்து லாரியில் வந்து சாலை பஜாரில் இறங்கும் கத்தரிக்காயின் விலையிலும் டீசல் மீதான மத்திய சாலை வரி அடங்கியிருக்கிறது. கொடுப்பவர் எல்லோரும், பங்கு பிரிப்பது மத்திய அரசு. அந்தப் பங்கீடு நியாயமானதா என்பதே கேள்வி.

இந்த வரி வெள்ளையர் காலத்தது. எம்.ஆர். ஜெயகர் தலைமையில் 1927-ல் அமைந்த குழுவின் யோசனைப்படி, 1929-ல் பெட்ரோலுக்குக் காலன் ஒன்றுக்கு 2 அணா கூடுதலாக விதித்து, சாலை நிதி தொடங்கப்பட்டது. எந்த மாகாணத்தில் எவ்வளவு பெட்ரோல் செலவாயிற்றோ, பெரும்பாலும் அதற்கேற்பவே பங்கும் போயிற்று.

பிறகு 2000-ல் மத்திய சாலை நிதிச் சட்டம் வந்தது. அதன் கீழ் வகுத்த விதிகளில், மாநிலச் சாலைகளுக்கான தொகையைப் பிரிக்க எரிபொருள் செலவுக்கு 30 சதவீதமும், நிலப்பரப்புக்கு 70 சதவீதமும் மதிப்பு தரப்பட்டது.

இங்கேதான் கேரளத்துக்கு இடிக்கிறது. ராஜஸ்தானின் பரப்பு 3,42,239 சதுர கி.மீ.; கேரளம் 38,863. ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்கு. மக்கள் தொகையோ 2011 கணக்குப்படி ராஜஸ்தானில் 6.85 கோடி, கேரளத்தில் 3.34 கோடி, பாதிக்குச் சற்றே குறைவு. ரோட்டைத் தேய்ப்பது வண்டிதானே தவிர, நிலம் அல்ல.

மறுபக்கமும் உண்டு. எரிபொருளை மட்டும் கணக்கிட்டால் வண்டி பெருத்த மாநிலங்களே பணத்தை வாங்கிக் கொண்டு போகும். பாலைவனத்துக் கிராமத்துக்கும் மலைக் கிராமத்துக்கும் ரோடு வேண்டும். அங்கே ஊருக்கு ஊர் தூரமும் அதிகம். ஆகவே பரப்பைச் சேர்த்ததே அநியாயம் என்று தள்ளிவிட முடியாது.

ஆனால் ஜன நெருக்கத்துக்கும் செலவு உண்டு. ஸ்ரீவராகத்துக்குப் பக்கத்தில் ஈஞ்சக்கல் வழியாகச் செல்லும் பைபாஸ், பன்வேல் - கன்னியாகுமரி 66-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையின் ஒரு பகுதி. இந்த நெடுஞ்சாலையின் தேசிய அளவு 60 மீட்டர் அகலம்; கேரளத்தில் 45 மீட்டராகக் குறைத்துக் கொண்டார்கள். அப்படியும் வீடும் கடையும் நெருங்கிய ஊர்களில் நிலத்தின் விலை மலைக்க வைத்தது. கடைசியில் நிலம் எடுக்கும் செலவில் 25 சதவீதத்தை மாநிலமே ஏற்று, 5,500 கோடி ரூபாய்க்கு மேல் கொடுத்தது. மத்திய அரசின் நெடுஞ்சாலைக்கு மாநிலத்தின் பணம்!

மற்ற மத்திய வரிகளைப் போல் இந்த செஸ் நிதிக் கமிஷன் பங்கீட்டில் வருவதில்லை. ஆகவே மாநிலங்களின் பங்கு முழுக்க விதியை எழுதுபவர்கள் கையில் இருக்கிறது. பரப்போடு ஜன நெருக்கத்தையும், நில விலையையும் எடைபோட்டால் பெரிய மாநிலமும் கெடாது, சின்ன மாநிலமும் ஏமாறாது. காய்கறி விலையிலும் பஸ் கட்டணத்திலும் வரி கொடுக்கும் கூலிக்காரர் எதிர்பார்ப்பது அவ்வளவுதான்.