வானத்துக்கு யார் காவல்?

திருவண்ணாமலையில் இருட்டும் நேரத்தில் கிரிவலம் போகிறவர்கள் மேலே பார்த்தால், சில நாள் ஒரு நட்சத்திரம் மட்டும் நகர்ந்து போவது தெரியும். அது நட்சத்திரம் அல்ல. செயற்கைக் கோள்! நம் தலைக்கு மேலே பறக்க அதற்கு யார் அனுமதி கொடுத்தார்கள்?

யாரும் கொடுக்கவில்லை. கொடுக்கவும் வேண்டாம். விண்வெளி எந்த நாட்டுக்கும் சொந்தம் இல்லை என்று 1967-ம் ஆண்டில் உலக நாடுகள் ஒப்பந்தம் செய்தன. அங்கே அணுகுண்டை வைக்கக்கூடாது என்றும் எழுதினார்கள். இந்தியாவும் கையெழுத்துப் போட்டது.

ஆனால் செயற்கைக் கோளை ஏவுகணையால் உடைக்கக்கூடாது என்று அதில் ஒரு வரிகூட இல்லை.

2007-ல் சீனா தன் பழைய செயற்கைக் கோள் ஒன்றை உடைத்தது. 3 ஆயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகள் சிதறின. மிக உயரத்தில் உடைத்ததால், பெரும்பாலானவை இன்னும் சுற்றுகின்றன.

2019 மார்ச் 27-ந் தேதி, இந்தியா ஒடிசா கடலோரத்தில் இருந்து ஏவுகணை விட்டுத் தன் செயற்கைக் கோளையே தகர்த்தது. உயரம் சுமார் 300 கிலோ மீட்டர்தான். பெரும்பாலான துண்டுகள் சீக்கிரமே காற்றில் எரிந்தன. சில மேலே எகிறின. அவை தீர 3 ஆண்டுகள் ஆயின. சாதனை நம்முடையது, குப்பையும் நம்முடையதே!

சின்னத் துண்டுதானே என்கிறீர்களா? அதன் வேகம் வினாடிக்கு 7 கிலோ மீட்டருக்கு மேல். 14 கிலோ மீட்டர் கிரிவலப் பாதையை 2 வினாடியில் சுற்றிவிடும்! கூழாங்கல் அளவுத் துண்டு மோதினாலே செயற்கைக் கோள் பாழ். புயல் எச்சரிக்கை நமக்கு வருவது அந்தச் செயற்கைக் கோள்களால்தான்.

இப்படி உடைக்கும் சோதனைகள் இனி வேண்டாம் என்று 2022 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையில் ஓட்டெடுப்பு நடந்தது. 155 நாடுகள் ஆதரித்தன. ரஷியா, சீனா உள்பட 9 நாடுகள் எதிர்த்தன. இந்தியா எந்தப் பக்கமும் ஓட்டுப் போடவில்லை.